திருப்பிச் சொன்ன எண்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் ஆறவில்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

கோபம் முதலில் உன் மேல். பணம் போனது தெரிந்ததும், "ரயில்வேல இத்தனை வருஷம் குப்பை கொட்டிட்டு இப்படியா ஏமாறுவீங்க" என்று அப்பாவைக் கேட்டாயே, என்ன நடந்தது என்று கேட்டாயா?

பாங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டான். கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கிறார்கள், உடனே நிறுத்த வேண்டும் என்றான். அப்பா லேசில் நம்பவில்லை. நீ பாங்க் ஆள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அந்தப் படுபாவி, "புகார் நம்பர் சொல்றேன், குறிச்சுக்குங்க சார்" என்று ஓர் எண்ணைச் சொன்னான். அப்பா திருப்பிச் சொன்னார். "சரியா இருக்கு சார், இப்ப உங்க போனுக்கு வந்த ஓடிபி நம்பரைச் சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலமெல்லாம் இப்படித்தானே வேலை பார்த்தார். அடுத்த ஸ்டேஷன்காரர் போனில் ஓர் எண் சொல்வார், இவர் அதைத் திருப்பிச் சொல்லித் தன் எண்ணைக் கொடுப்பார். அதன் பிறகுதான் வண்டி நகரும். அந்த ஒழுங்கை வைத்தே அவரைக் கவிழ்த்துவிட்டான். என் கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் மொத்தமும் போய்விட்டது.

பாங்கில் கணக்கை முடக்கிப் புகார் எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்த பெண், "நாங்க போன் பண்ணி ஓடிபி நம்பரைக் கேக்கவே மாட்டோம்மா, கேட்டாலே திருடன்னு வெச்சுக்குங்க. அவசரப்படுத்துனா போனை வெச்சுட்டு, கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்கு நீங்களா கூப்பிடுங்க" என்றாள். இதை முன்பே சொல்லியிருந்தால் என்ன என்று அவளிடமும் சண்டை போட்டேன். பாவம், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள்.

முந்தாநாள் இன்னொருவன், போன பணத்தை மீட்டுத் தருவதாகக் கூப்பிட்டான். வாய்க்கு வாய் அம்மா என்றான். அம்மா என்ற அதே வாயால் போனுக்கு வந்த எண்ணையும் கேட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. அந்தப் பெண் சொன்னதற்காகப் பேசாமல் வைத்துவிட்டேன். கேட்காமல் விட்டது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அப்பாவைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. போன் அடித்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம் சொல்ல வேண்டிய எண்ணைக்கூட என்னைத்தான் சொல்லச் சொல்கிறார். "நான் சொன்னா தப்பாயிடும்" என்கிறார். எத்தனையோ ஆயிரம் பேரைப் பத்திரமாக அனுப்பிவைத்த மனிதர் பேசுகிற பேச்சா இது?

என் கண் பொறுக்கும். அவர் பொறுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை அவர் கையில் நான் திணிக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே. நீ வீட்டுக்கு வருகிற வண்டியின் எண்ணைச் சொல். அவர் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்காதே.

உன் நலத்தையே வேண்டும்,
அம்மா