ஸாரி

மார்ச் 4, செவ்வாய்

ஆங்கில அகராதி வேலை எஸ் வரிசையில் நிற்கிறது. அலுவலகத்தில் இரக்கப்பட்டு ஃபைல்களை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம். வலது பக்கம் செயலில்லை. பேச்சில் மிஞ்சியது ஒரே வார்த்தை. தண்ணீர் கொடுக்க எழுப்பினால் "ஸாரி". தலை சீவ உட்கார வைத்தால் "ஸாரி". இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் சொல்லாத வார்த்தை! சண்டை யாருடையதானாலும் இறங்கி வந்தது நான்தான்.

மார்ச் 7

ரவிக்கை மாற்றும்போது ஏழு முறை சொன்னாள். கண்ணில் நீர். "எதுக்கும்மா ஸாரி? நீ என்ன தப்பு பண்ணின?" தலையை ஆட்டினாள். ஆமாமா, இல்லையா, தெரியவில்லை. நான் என்னதான் செய்வேன்?

மார்ச் 8

கத்திவிட்டேன். "போதும், நிறுத்து!" அதற்கும் அதையேதான் சொன்னாள்.

மார்ச் 11, செவ்வாய்

வேலையில் வரிசைப்படி அந்தச் சொல்லே வந்தது. சொற்பிறப்பு எழுத வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அது மன்னிப்பே இல்லை. வலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வலி நிறைந்த, மனம் நொந்த என்று பொருள். புண்ணைச் சொல்லும் 'ஸோர்' உடன்பிறப்பு. துக்கத்தைச் சொல்லும் 'ஸாரோ' சொந்தமே இல்லை, வெறும் முகஜாடை. மன்னிப்பு வெகுகாலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு இதெல்லாம் தெரியாதுதான். ஆனாலும் எழுந்து போய்க் கேட்டேன். "எங்கயாவது வலிக்குதாம்மா?"

இடது கையை நீட்டினாள். இத்தனை நாளும் அந்தக் கை நீளும்போதெல்லாம் ஆறுதல் சொல்வதாக நினைத்து நான் பிடித்துக்கொள்வேன். இன்று பிடிக்கவில்லை. அது மெதுவாகப் போய் வலது தோளில் நின்றது.

ஐயோ. தினமும் அந்த வலது கையைப் பிடித்து இழுத்துத்தானே அவளை உட்கார வைத்தேன்?

மார்ச் 12

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். "தோள் மூட்டு இறங்கியிருக்கு. கையைப் பிடிச்சு இழுத்தீங்களா?"

"ஆமாம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 20

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா: "வேற வார்த்தை வரும்னு உறுதியா சொல்ல முடியாது சார்."

ஏப்ரல் 2, புதன்

தோளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கக் கற்றுக்கொண்டேன். வலி நன்றாகக் குறைந்துவிட்டது. காலையிலிருந்து அவள் ஒன்றுமே சொல்லவில்லை. நல்லதுதான். வேலையை மூடிவைத்துவிட்டு, ஒரு தடவையாவது வாய் திறப்பாளா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.