உறை மாறிய இசைத்தட்டு

உறையின் மேல் ட்ரம்பெட் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். உள்ளேயிருந்து தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். நடுவில் ஒட்டியிருந்த லேபிளில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், பாட்டும் பியானோவும் என்று போட்டிருந்தது. ட்ரம்பெட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

இது போன செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. நீங்கள் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. என்னிடம் இருக்கும் உங்கள் ரெக்கார்டுகளை வாங்கிக்கொண்டு போகப் பெரம்பலூரிலிருந்து உங்கள் மகள் வருவதாக இருந்தாள். மொத்தம் ஐந்து. கொடுப்பதற்கு முன் உறையும் தட்டும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் மாதிரிப் பொட்டலங்களின் சீட்டைச் சரிபார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். இந்தத் தட்டு வந்த அன்றே ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம்மைச் சேர்த்துவைத்தது ஒரு நாட்காட்டி. ஜாஸ், ப்ளூஸ் ரெக்கார்டு சேர்ப்பவர்களின் இணையக் குழுவில் எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் இருந்தார்கள். அந்த நேரத்தில் வீட்டில் சுழலும் தட்டின் உறையைப் படமெடுத்துப் போட்டு, கேட்டதைப் பற்றி நாலு வரி எழுதுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ போட்ட படத்தில், உறைக்குப் பின்னால் பெரம்பலூர் ஜவுளிக்கடை ஒன்றின் நாட்காட்டி தொங்கியது. அரியலூரில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களுக்கு எழுத எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. நீங்கள் உடனே போனில் கூப்பிட்டுவிட்டீர்கள்.

"ஏன் சார், ஒரு மணி நேரத்து பஸ்சுல ஒரு ஆளு இருக்காருன்னு தெரியாம நான் நார்வேக்காரன்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தேனே!"

நீங்கள் சரக்குக் கப்பலில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். துறைமுகம் துறைமுகமாக வாங்கியவை உங்கள் ரெக்கார்டுகள். என்னுடையவை சென்னையில் பழைய கடைகளில் பயந்து பயந்து பொறுக்கியவை. மாதம் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வருவேன். ஒருவருக்கொருவர் ஒரு ரெக்கார்டு கொடுப்போம். அடுத்த முறை, கேட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். என் பக்கத்தை நீங்கள் உரக்க வாசிப்பீர்கள்.

"கெமிஸ்ட் சார், இது ரெக்கார்டுங்களா, சுண்ணாம்புக்கல்லுங்களா? எல்லாம் எழுதிட்டு, பியானோ எத்தன சதவீதம்னு போடாம விட்டுட்டீங்களே!"

அப்படிச் சிரித்த உங்களிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. ஆய்வகத்தை ஒட்டித்தான் அரவைக் கூடம். அந்தச் சத்தம் என் காதில் மெல்ல மெல்ல வேலை செய்திருந்தது. முதலில் ட்ரம்ஸில் சிம்பலின் ஓசை காணாமல் போனது. பிறகு ட்ரம்பெட் மேலே ஏறும் இடங்கள் தேய்ந்தன. கடைசியில் எந்தத் தட்டைப் போட்டாலும் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல் இருந்தது. முள்ளை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன். கோளாறு எதில் என்று எனக்கு முன்பே தெரியும். காது கேட்காதவனுக்கு ரெக்கார்டு எதற்கு என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன். கேட்பதையே விட்டுவிட்டேன். உறையின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் படித்து, அதை வைத்தே என் பக்கத்தை எழுதினேன்.

இந்த ட்ரம்பெட் ரெக்கார்டுக்கும் அப்படித்தான் எழுதினேன். 'இரண்டாவது பாட்டில் ட்ரம்பெட் தயங்கித் தயங்கி நுழையும் இடம் அபாரம்' என்று ஒரு வரி. நீங்கள் அந்தப் பக்கத்தை உரக்க வாசிக்கவில்லை. மௌனமாகப் படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். ரெக்கார்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"வச்சுக்குங்க சார். ஒண்ணும் அவசரம் இல்ல. இன்னொரு தடவ கேளுங்க."

அதற்குப் பிறகு நீங்கள் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துப்பிழைகளோடு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வரும். பஸ்சில் ஒவ்வொன்றாக நாலு ரெக்கார்டு கொடுத்தனுப்பினீர்கள். உறைக் குறிப்புகளின்படி நாலிலும் டபுள் பாஸ்தான், ஆளுயர வயலின் போல அடித்தொண்டையில் அதிரும் அந்த வாத்தியம்தான், முன்னால் நின்றது. கூடவே ஒரு செய்தி: 'சார் ஸ்பீக்கர் மேல உள்ளங்கைய வச்சு கேட்டு பாருங்க.' அதைப் படித்தபோது முகம் எரிந்தது. கண்டுபிடித்துவிட்டார், குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். 'கிடைத்தது. நன்றி' என்று பதில் போட்டேன். நாலுக்கும் அதே பதில். எட்டு மாதம் நான் பெரம்பலூர் பஸ் ஏறவில்லை. 'உடம்பு சுமார்தான் சார். ஒரு நடை வர்றீங்களா?' என்று நீங்கள் கேட்டதற்கு, 'வெயில் குறையட்டும்' என்று எழுதினேன். வெயில் குறைந்தபோது நீங்கள் இல்லை.

உங்கள் மகள் வந்ததும் தட்டைக் காட்டினேன். அமைதியான அறை, எதிரே உட்கார்ந்து அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லாம் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ மாமா, இதா! தொடச்சு எடுத்து வைக்கிறப்ப நான்தான் மாத்திப் போட்டுட்டேன். நீங்க வாங்கிட்டுப் போன ரெண்டாம் நாளே அப்பா கண்டுபிடிச்சிட்டாரு. 'சொல்லாத, கெமிஸ்ட் சார் போட்டுக் கேட்டுட்டு என்னைய என்ன கிழி கிழிக்கிறாரு பாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு." தட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "ஆனா நீங்க எழுதுனதப் படிச்சிட்டு சிரிக்கல மாமா. ஏம்ப்பான்னு கேட்டேன். 'எஞ்சின் ரூம்ல எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான்'னாரு. அதுக்கு மேல வாயே தொறக்கல. அன்னியிலேருந்து, டைப் அடிக்கச் சொல்லிக் குடுன்னு என் பின்னாடியே சுத்துனாரு. போன்ல பேசுனா ஆகாதாப்பான்னா, கோவிச்சுக்குவாரு."

அந்தக் கூட்டாளியைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். எஞ்சின் சத்தத்தில் காது போனவன். கப்பலை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயந்து, யார் என்ன சொன்னாலும் தலையாட்டியே காலத்தை ஓட்டியவன். அவள் அறியாத பாதி எனக்கு அப்போதுதான் விளங்கியது. போனை விட்டுக் குறுஞ்செய்திக்கு மாறியதும், கையால் கேட்கிற ரெக்கார்டாக அனுப்பியதும் என் காதுக்காகத்தான். பெற்ற மகளிடம்கூட என்னை நீங்கள் காட்டிக்கொடுக்கவில்லை.

ஐந்து ரெக்கார்டையும் பையில் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் அனுப்பிய நாலும் ஒருமுறைகூடச் சுழலவில்லை. கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும் என்று கேட்க வாய் வரவில்லை.

பேருந்து நிலையம் வரை கூடப் போனேன். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். "மாமா, அப்பா கடைசியா உங்கள..." என்றாள். பக்கத்தில் இன்னொரு வண்டி உறுமிக்கொண்டு வந்தது. அவள் உதடு வெகுநேரம் அசைந்தது. நான் என் வழக்கப்படி சிரித்துத் தலையாட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். கண் நிறைந்தது. பிறகு ஏறிவிட்டாள்.

எதற்குத் தலையாட்டினேன்? மூன்று நாளாக அந்த வாக்கியத்தை நானே முடித்துப் பார்க்கிறேன். கடைசியாக என்னைத் தேடினீர்களா, திட்டினீர்களா, வரவேண்டாம் என்றீர்களா? குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அவள் உதடு மட்டும் அசைகிறது. ஒவ்வொரு தடவையும் வேறொன்றைச் சொல்கிறது. வீட்டில் எந்தத் தட்டும் ஓடவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இன்று காலை அவளுக்கு எழுதினேன். நாலு முறை அழித்தேன். ஐந்தாவது முறை அழிக்கவில்லை. 'அம்மாடி, பஸ் ஏறும்போது நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. எனக்குப் பல வருடமாகவே காது கேட்பதில்லை. உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அவர் கடைசியாகச் சொன்னதை எனக்கு எழுதி அனுப்பு.'

படித்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. எதுவாக இருந்தாலும், இந்த முறை நான் தலையாட்டித் தப்பிக்க முடியாது.