கை கொடுக்கப் போய் வாங்கிய குத்து

ராஜபாளையத்தில் இருக்கும் அன்புள்ள அத்தைக்கு, கர்த்தர் கிருபையால் சிங்கப்பூரில் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஒலிம்பிக் மல்யுத்தத்தை விட்டு உங்கள் மகன் கூண்டுச் சண்டைக்கு வந்தபின் முதல் போட்டி சனிக்கிழமை நடந்தது. எதிராளியின் இரு தோளையும் தரையில் அழுத்தியவர், பழைய நினைப்பில் ஜெயித்துவிட்டதாக எண்ணி, அவனைத் தூக்கிவிடக் கை நீட்டினார். இங்கே ஆட்டம் அதோடு முடியாதாம். அவன் எழுந்து குத்திச் சாய்த்துவிட்டான். இடது புருவத்தில் மூன்று தையல்தான், பயப்படாதீர்கள்.

“ஏட்டி, தோத்தவனுக்குக் கை கொடுக்காம வந்தா எங்கம்மா அன்னைக்குச் சோறு போட மாட்டாளே” என்று சிரித்தார். நீங்கள் டிவி முன்னால் மண்டியிட்டு அவர் ஒலிம்பிக் ஆட்டம் பார்த்தது நினைவு வந்தது.

கை கொடுக்கும் அந்தப் பழக்கத்தை விடச் சொல்கிறார் கோச். விட்டுவிடுவாரோ என்றுதான் எனக்குக் கவலை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கால் கிலோ போதும். அவர் எடை பார்க்கிறார், நான் தனியாகத்தான் தின்ன வேண்டும்.

அவர் படியேறும் சத்தம் கேட்கிறது. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். ஜெபத்தில் அவர் புருவத்தோடு அந்தக் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள் ஜெனிலா