மேலே நின்ற மேகம்

ஐப்பசி 14, வெள்ளி இரவு. உரும்பிராய்.

என் மனைவி வசந்தி இந்தக் கிழமை வீட்டுக்கு வரவில்லை. பதுளைப் பக்கம், படிப்பிக்கிற மலைப் பாடசாலையிலேயே தங்கிவிட்டாள். பத்திரமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

பின்னேரம் நாலு மணிக்கு அவளுக்குப் போன் எடுத்தேன். யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டவள் ஓடைப் பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"மழையோ?" என்றேன்.

"இஞ்சை ஒரு துளியும் இல்லை. மேலை மலையிலை இடிமேகம் மத்தியானம் தொட்டு அசையாமல் நிக்குது. ஓடைத்தண்ணி கலங்கி வருது."

"மழை இல்லையெண்டால் பேந்தென்ன பயம்? பஸ் போயிடும். பாலத்தைக் கடந்து வாரும்."

"கொஞ்சம் பொறுங்கோ," என்று போனை ஓடைப் பக்கம் நீட்டினாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, பத்து லொறி கருங்கல்லை ஒரேயடியாகக் கொட்டிப் பறித்தது போல ஒரு சத்தம். பறித்து முடியவேயில்லை. தண்ணீருக்கு இப்படியொரு குரல் உண்டென்று நாற்பது வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் மண்ணில் பெய்கிற மழை, சத்தம் காட்டாமல் கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

"பாலத்தைக் காணேல்லை," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

போனை வைத்த பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் ஓடுகிறது. படுக்க முடியவில்லை.

கலியாணம் கட்டிய நாள் தொட்டுச் சொல்வழி கேளாதவள் என்று அவளை ஏசி வருகிறேன். இன்றைக்கும் அவள் கேட்கவில்லை.