அல்பேர்ட்டின் ஓரத்தில் எழுதியிருந்தது

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
18.01.2026, ஞாயிறு

பேரன்புள்ள அல்பேர்ட் அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன். நாங்கள் மூவரும் உடலால் சுகம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் போனில் கதைக்கிறவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டின் சுவர்கள் மெல்லியவை. குடும்ப வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவள் மகள் நிலூஜா. என் கையெழுத்தை வாசிக்கிற பொறுமை மட்டும் இங்கே ஒருவருக்கும் இல்லை. தபால் பிரிக்கும் இடத்தில் முப்பது வருடமாக நிற்கிறேன். இப்போது வருவதெல்லாம் பொதிகள்தான். கையால் எழுதிய விலாசத்தைக் கண்டால் இளம் பிள்ளைகள் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

குளிர் மைனஸ் பதினான்கு. வெளியே போகவும் முடியாது, உள்ளே இருக்கவும் முடியாது. இரண்டாவதற்குக் காரணம் குளிர் அல்ல.

சென்ற ஒக்டோபரில் எனக்கு அறுபத்திரண்டு வயதானது. அதாவது, உங்களுக்கு. வேலையிடத்தில் கேக் வெட்டினார்கள். ‘அல்பேர்ட், உன்னைப் பார்த்தால் மூன்று வயதாவது குறைவாகத் தெரிகிறது’ என்றார் மேலாளர். சரியாகத்தான் கணித்திருந்தார். நன்றி சொன்னேன்.

1986-இல் உங்கள் கடவுச்சீட்டையும், நோர்வேயின் வடக்கே ஒரு கல்லூரியில் உங்களுக்குக் கிடைத்திருந்த இடத்தையும் என் கையில் தந்து, “நீ போடா. உன்ரை வயசுப் பெடியளைத்தான் ஆமிக்காரங்கள் பிடிக்கிறாங்கள். நான் அம்மாவோடை நிக்கிறன்” என்று அனுப்பினீர்கள். படத்தில் இருந்த முகத்துக்கும் எனக்கும் மூக்குத்தான் வித்தியாசம். ஒரு வருடத்தில் என் பெயருக்குத் திரும்பிவிடலாம் என்று இருவரும் நினைத்தோம். அந்த ஒரு வருடம் முப்பத்தொன்பது வருடமாக முடியவில்லை. பொய்ப் பெயரில் எடுத்த குடியுரிமையை எவ்வளவு காலம் கழித்தும் பறிக்கலாமாம். தொழிற்சங்கத்தில் ஒருவரிடம் வேறு யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டேன். அவரும் வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

றோஸுக்கு இது தெரியாது. என்னைக் கட்டி இருபத்திரண்டு வருடமாகிறது, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “இஞ்சாருங்கோ” என்ற அழைப்பு என்னைக் காப்பாற்றி வந்தது. மூன்று தடவை அவளுடைய மன்னாருக்குப் போனோம். நம்முடைய தீவுக்கு மட்டும் கூட்டிவரவில்லை. கடற்பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். தீவில் பிறந்தவன் சொன்ன அந்தக் காரணத்தை ஒஸ்லோவில் பிறந்த மகள் நம்பினாள். மன்னார்க்காரி நம்பவில்லை, ஆனால் கேட்கவுமில்லை. உங்களைப் பிள்ளை ‘ஜோன்சன் சித்தப்பா’ என்று சொல்வதை நீங்கள் போனில் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நிலூஜாவின் வரலாற்று ஆசிரியை வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு மாணவரும் புது வருடத்துக்கு மூன்று இலக்குகள் எழுத வேண்டும். குறைந்தது ஒன்று குடும்ப வரலாற்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். முடிக்கும் திகதியும் போட வேண்டும். பெற்றோருக்கும் ஒரு தாள் தந்திருக்கிறார். இந்த நாட்டில் ஒன்றையும் மறைக்கத் தேவையில்லாத நல்ல மனிதர்கள் இப்படியான வேலைகளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மற்றப் பிள்ளைகள் தாத்தாவிடம் இரண்டு கேள்வி கேட்டு எழுதி முடித்தார்கள். நிலூஜா தீவிலுள்ள எங்கள் கோயிலுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள், என்னைக் கேட்கவில்லை. நம்முடைய ஆட்கள் எதையும் இரண்டு நாளில் செய்து நான் பார்த்ததில்லை. இதைச் செய்தார்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் எங்கள் இருவருடைய பக்கங்களையும் படம் பிடித்து, ஆசீரோடு அனுப்பியிருந்தார்கள்.

புட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்து வாசித்தாள். அல்பேர்ட், 1963. ஓரத்தில் மையால்: ‘2004-இல் ஒஸ்லோவில் றோஸை மணந்தார்.’ பிள்ளைக்குப் பெரிய சந்தோசம், தாய் தகப்பனின் கலியாணம் ஒரு தீவின் புத்தகத்தில் இருக்கிறது என்று. அடுத்த பக்கம் ஜோன்சன், 1966. “சித்தப்பா பாவம். அவரின்ரை ஓரத்திலை ஒண்டுமே இல்லை” என்றாள். அந்த வெறும் ஓரம் என்னுடையது என்று எப்படிச் சொல்ல?

பிறகு முதற் பக்கத்துக்குத் திரும்பிப் படத்தைப் பெரிதாக்கினாள். மைக்குக் கீழே பென்சிலில் இன்னொரு குறிப்பு இருந்தது. ‘12.8.2005. அனஸ்ரேசியாவை மணப்பதாகப் பூசையில் அறிவித்து ஓலை வாசிக்கும்படி கேட்டு வந்தார். முன்பே மணமானவர். மறுக்கப்பட்டது.’

“2005 ஓகஸ்ட்டிலை நீங்கள் தனியத்தானே ஊருக்குப் போனனீங்கள்? அப்பம்மாவின்ரை முதலாம் வருசப் பூசைக்கு? அனஸ்ரேசியா எண்டது ஆரப்பா?” என்று கேட்டாள். றோஸ் சொதியை மேசையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

அண்ணா, நான் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பேசாமல் இருந்தால், கலியாணமாகி ஒரு வருடத்தில் இன்னொருத்தியைக் கட்டப் போனவன். வாய் திறந்தால், முப்பத்தொன்பது வருடம் ஒரு நாட்டை ஏமாற்றியவன். அதோடு றோஸின் தாள்களையும் பிள்ளையின் தாள்களையும் தோண்டுவார்களோ தெரியாது. மூன்று நாள் நேரம் கேட்டேன். வேலையிடத்தில் பொதிகளைத் தூக்கித் தூக்கி யோசித்தேன். நான்காம் நாள் வீட்டுக்கு வந்து, ஓம், இரண்டாம் தாரம் தேடிப் போனது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டேன். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்பது அவ்வளவு கஷ்டமில்லை. நன்றாகவே கேட்டேன்.

றோஸ் அழவில்லை. “ஓலை வாசிக்கவே கேட்டனீங்கள்? கோயிலிலை போய்?” என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்குத்தான் சமையல். நான் பாண் சாப்பிடுகிறேன். ஒரே வீட்டில் ஒருவரோடு ஒருவர் முட்டாமல் நடக்க மூவரும் பழகிவிட்டோம்.

ஆனால் உங்களுக்கு எழுத வந்தது இதுவல்ல. அந்தப் பென்சில் எழுத்தை நானும் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

எனக்குக் கலியாணம் பேசிய நேரம் உங்கள் பெயரிலுள்ள ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டேன். நீங்களே போய் எடுத்து அனுப்பினீர்கள். இங்கே கலியாணம் முடிந்ததும் அந்தச் செய்தி ஊர்க் கோயிலுக்குத் திரும்பிப் போய் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஏறும் என்று இருவருக்கும் தெரியாது. ஒஸ்லோவிலிருந்து போன அந்தக் கடிதத்தை நானே என் கையால் பிரித்துச் சரியான பையில் போட்டிருக்கவும் கூடும். நான் வேலையில் பிழைவிடுவதில்லை.

அந்த ஓகஸ்ட்டில் ஒரு பின்னேரம், பூசை முடிந்து இரண்டு நாள் இருக்கும். நீங்கள் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனீர்கள். எங்கே என்று கேட்டதற்கு, “பாதரிட்டை ஒரு சின்ன அலுவல்” என்றீர்கள். அரை மணித்தியாலத்தில் திரும்பிவந்து, சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டு, வலை தைக்க இருந்தீர்கள். நான் கேலி பண்ணினேன். மாப்பிள்ளை மாதிரிப் போய்க் கூலிக்காரன் மாதிரி வந்திருக்கிறீங்கள் என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு ஒரு வருடம் கழித்து, அனஸ்ரேசியாவின்ரை ஆக்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று போனில் சொன்னீர்கள். இருபது வருடமாக நான் அந்த ஆக்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, அந்தப் பாதருக்கு என்ன சொன்னீர்கள்? புத்தகத்தைத் திறந்து, நீ ஏற்கனவே கட்டினவன் என்று அவர் சொன்னபோது, அது நானில்லை, என் தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாயிருந்ததே. அந்த வார்த்தை ஒஸ்லோவுக்கு வந்துவிடும் என்று நினைத்து, “ஓம் பாதர்” என்று சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

நிலூஜாவின் தாள் இப்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. முதலாவது, கார் ஓட்டப் பழகுவது. இரண்டாவது, போனைக் குறைப்பது. மூன்றாவது, ஈஸ்டர் விடுமுறையில் தீவுக்குப் போய் அனஸ்ரேசியா அன்ரியைக் கண்டு அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்பது, முடிக்கும் திகதி ஏப்ரல் 4. ரிக்கற் எடுத்தாயிற்று. றோஸும் வருகிறாள், அந்த முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டுமாம். ஜோன்சன் சித்தப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார் என்று இருவரும் நம்பியிருக்கிறார்கள்.

முதலில் வேறொரு கடிதம் எழுதினேன். பத்து நாளைக்கு மட்டும் ஜோன்சனாக இருங்கள், கடைக்காரருக்கும் படகுக்காரருக்கும் கோயிற் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள் என்று. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் நிறையப் பெயர்கள். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். கடவுச்சீட்டைத் தந்தீர்கள். வயதைத் தந்தீர்கள். கலியாணத்தைத் தந்தீர்கள். ஊரில் நாலு பேர் உங்களைக் கூப்பிடுகிற பெயர்தான் மிச்சம். அதையும் கேட்டிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

போன ஞாயிறு போனில், அனஸ்ரேசியா இப்போதும் தனியாக, பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டுதானா என்று கேட்டேன். “ஓம், இருக்கிறா” என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் மழையைப் பற்றிக் கதைத்தீர்கள். தீவில் பத்து நிமிடம் கதைக்கிற அளவுக்கு மழை பெய்ததை நான் கண்டதில்லை.

ஆகவே இந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். இப்போது இருக்கிற பாதரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். 2004-இல் ஒஸ்லோவில் றோஸை மணந்தவன் அல்பேர்ட் அல்ல, அவருடைய தம்பி. இதை என் முழு அறிவோடு, என் கையால் எழுதுகிறேன். பாதர் அதை எந்த ஓரத்தில் எழுதினாலும், எங்கே அறிவித்தாலும் எனக்குச் சம்மதம். பிள்ளை வந்து இறங்கும்போது உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். பெரியப்பா என்று கூப்பிடச் சொல்லுங்கள்.

இதைத் தபாலில் போட்ட பிறகுதான் றோஸிடம் கதைப்பேன். பெட்டிக்குள் விழுந்த கடிதத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்பது மற்றவர்களைவிட எனக்குத் தெரியும். முதலில் கதைக்கப் போனால் கடிதம் மேசையிலேயே கிடந்துவிடும். பெற்றோருக்கான தாளில் மூன்று கோடுகளும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. முதற் கோட்டில் இன்றைய திகதியைப் போடுவேன்.

இந்த நாட்டுக்காரர் என்ன செய்வார்களோ தெரியாது. அனுப்பிவிட்டால், மூலை அறையில் ஒரு பாய் போட இடம் வையுங்கள்.

அனஸ்ரேசியா அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இருபது வருடம் பிந்திவிட்டது. வெள்ளைச் சேட்டு இன்னும் இருக்கிறதா? இல்லையென்றால் அளவைச் சொல்லுங்கள், றோஸிடம் கொடுத்துவிடுகிறேன், அவள் என்னோடு கதைத்தால். மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
ஜோன்சன்

(கையெழுத்துக் கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இந்தப் பெயரை எழுதி நாளாகிவிட்டது.)