முப்பத்தோராம் நாள் மலருக்கு ஒரு பிழைதிருத்தம்

இஞ்சாருங்கோ,

நாற்பத்தாறு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இதைவிட அன்பான சொல் என்னிடம் இல்லை. நாளை மறுநாள் உங்களுடைய ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். சாப்பிட வருகிறவர்களின் கையில் இந்தக் கடிதத்தின் பிரதி ஒவ்வொன்று கொடுக்கப் போகிறேன். உங்களுக்கு எழுதுவதை அவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். மகன் சேந்தன் போன கிழமை பாரிஸிலிருந்து வந்தான். செத்தவீட்டுக்கு லீவு கிடைக்காமல் நின்றுபோன மருமகள் எலெனும் இந்த முறை வந்திருக்கிறாள். சண்டிலிப்பாய் வெயிலில் அவளுடைய மூக்கு நுனி சிவந்துவிட்டது. நீங்கள் கடைசியாக நட்ட மிளகாய்க் கன்றுகள் காய்த்து ஓய்ந்து, பிடுங்கி எறிந்தாகிவிட்டது. உங்கள் சாய்மனைக் கதிரை விறாந்தையில் நீங்கள் திருப்பி வைத்தபடியே இருக்கிறது. யாரும் அசைக்க நான் விடவில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலரை அச்சுக்கு முன் நான்தான் பார்த்தேன். தேவாரத்தில் இரண்டு எழுத்துப் பிழை, உங்கள் அப்புவின் பெயரில் ஒன்று. மூன்றையும் சிவப்புப் பேனையால் சுழித்தேன். நாலாம் பக்கத்தில் சேந்தன், நீங்கள் பிற்பகல் நித்திரையில் ஒரு நோவும் அறியாமல் சிவபதம் அடைந்ததாக எழுதியிருந்தான். அவனுக்கு அப்படிச் சொன்னவள் நான். அந்த வரியில் எழுத்துப் பிழை இல்லை. விட்டுவிட்டேன்.

எல்லாம் பிரெஞ்சில் தொடங்கியது. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று சேந்தன் சொன்னபோது பத்து நாள் அவனோடு கதைக்காமல் இருந்தேன். நீங்கள் அன்றைக்கே சம்மதித்துவிட்டீர்கள். கலியாணம் நடந்த பிறகு எனக்கு வேறு ரோசம் பிடித்தது. என் வீட்டில், என் மருமகளோடு பேச, நடுவில் இன்னொருவர் நின்று மொழிபெயர்க்க வேண்டுமா? அறுபத்தொன்பது வயதில் பிரெஞ்சு படிக்கக் கொப்பி வாங்கினேன்.

முதல் மாதம் ஒன்றும் ஏறவில்லை. ஐந்து நிமிடத்தில் மனம் அடுப்படிக்குப் போகும், அங்கிருந்து வேலிக்குப் போய் அயலட்டையை விசாரிக்கும். கொன்வென்ற்றில் எங்களைப் படிப்பித்த சிஸ்டர் ஒருவர், மனம் ஓடினால் ஓடட்டும், நீ மட்டும் கதிரையை விட்டு எழும்பாதே என்பார். அப்படியே செய்தேன். ஒரே மேசை, ஒரே நேரம், இரண்டு மணியிலிருந்து நாலு மணி. கைத்தொலைபேசி அடுப்படியில் பிஸ்கற் பேணிக்குள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். நன்றாக ஓடினாலும் இரண்டாம் பக்கம் இல்லை. தொடங்கிய வரியை முடிக்காமல் எழும்புவதில்லை. மூன்றாம் மாதம் மனம் தானாக வந்து பக்கத்தில் இருந்தது. அந்த வயதிலும் அது நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் சொல்வேன்.

அறைக் கதவில் நேரசூசியை ஒட்டினேன். அதன் கீழே உங்களுக்கென்று ஒரு சட்டம்: வீடு பற்றி எரிந்தாலொழியத் தட்டக்கூடாது. நீங்கள் எழும்பி நின்று கைகட்டிக்கொண்டு வாசித்தீர்கள்.

“ஓம் மதர். அடுப்படி மட்டும் பத்தினால் தட்டலாமோ, இல்லாட்டி முழு வீடும் பத்த வேணுமோ?”

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நீங்கள் படித்தது ஒரே ஒரு சொல், போன்சூர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசித் திரைக்கு முன்னால் ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி அந்தச் சொல்லைச் சொல்வீர்கள். எலென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஏழு கொப்பி எழுதி முடித்த நான் பக்கத்தில் இருந்து வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்பேன். எனக்கு உங்களில் எரிச்சலாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் போன அன்றைக்கு இரண்டரை இருக்கும். உங்கள் செருப்புச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. வீட்டுக்குள் செருப்புப் போடாதீர்கள் என்று எத்தனை வருடம் சொன்னேன். கேட்டிருந்தால் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்தே இராது. கொஞ்ச நேரம் நின்றீர்கள். பிறகு மெதுவாகத் திரும்பிப் போனீர்கள். நான் வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்ன நினைத்தேன் தெரியுமா? ஒருபடியாக என் சட்டத்துக்குப் பழகிவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இந்த ஒரு வருடம் யாருக்கும் நான் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாக்கியம், அரிசி புடைக்க வாங்கிய சுளகைத் திருப்பித் தர வந்திருக்கிறாள். நீங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டு, சேட் நனைய வேர்த்துப்போய் இருந்தீர்களாம். அக்காவைக் கூப்பிடட்டோ என்று கேட்டாளாம். இதை அவள் எனக்குச் சொன்னது நாலு மாதம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல்.

“வேண்டாம் பிள்ளை, உவ உள்ளுக்குப் படிக்கிறா. வாய்வாத்தான் இருக்கும். நாலு மணிக்குச் சொல்லுவம்.”

நாலு மணிக்கு நான் தேத்தண்ணியோடு வந்தேன். எந்த நாளும் வாசல் படலையைப் பார்த்திருக்கும் உங்கள் கதிரை, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கிடந்தது. நாலு மணி ஆகிறதா என்று பார்க்க, அந்த நோவோடு நீங்களே அதை இழுத்துத் திருப்பியிருக்கிறீர்கள். ஓட்டோவில் ஏற்றும்போதே உங்கள் கை குளிர்ந்துவிட்டது.

எனக்கு உங்களில் கோபம். பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போட்டீர்களா? உப்பைக் குறைத்தீர்களா? ஈரத் துவாயை ஒரு நாளாவது கொடியில் விரித்தீர்களா? நான் வைத்த நூறு சட்டத்தில் நீங்கள் கைக்கொண்டது இது ஒன்றுதான். ஏன் இதை மட்டும்? என்னில் பயமா? பகிடியாகத் தொடங்கியதை எப்போதிருந்து உண்மையாக எடுத்தீர்கள்? அல்லது நான் படிப்பது உங்களுக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததா? மற்றக் கேள்விகளைத் தாங்கிவிடுவேன். இந்தக் கடைசிக் கேள்வியோடுதான் என்னால் இருக்க முடியவில்லை.

நீங்கள் போன பிறகும் நான் படிப்பை விடவில்லை. துக்க வீட்டிலும் ஞானேஸ் தன் ஒழுங்கை விடவில்லை என்று ஊர் மெச்சியது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னைக் காட்டிப் புத்தி சொன்னார்களாம். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் அறைக்குள் ஒளித்திருந்தேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முந்தநாள் கிணற்றடியில் எலென் என்னைக் கேட்டாள். அவள் ஆஸ்பத்திரித் தாதி என்பது உங்களுக்குத் தெரியும். மாமாவுக்கு முதலே நோ இருந்ததா, வேர்த்ததா, எவ்வளவு நேரம் என்று தன் மொழியில் கேட்டாள். ஒரு சொல்லும் விடாமல் எனக்கு விளங்கியது. நித்திரையில் போனார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். தடக்கவில்லை, தேடவில்லை. மூன்று வருடத்தில் நான் பிரெஞ்சில் பிழையில்லாமல் சொன்ன முதல் வசனம் ஒரு பொய். எலென் என்னுடைய உச்சரிப்பை மெச்சினாள்.

நேற்று இரண்டு மணிக்கு மேசையில் இருந்தேன். அரை மணித்தியாலமாக ஒரு வரியும் ஓடவில்லை. எழும்பிக் கதவைத் திறந்து எலெனைக் கூப்பிட்டேன். செருப்புச் சத்தத்திலிருந்து மணிக்கூடு வரைக்கும் சொன்னேன். என் சந்தோஷத்தையும் சொன்னேன். சொற்கள் வரவில்லை. வினைச்சொல்லின் காலங்கள் குழம்பின. படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அவள் ஒன்றையும் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழும்பி வந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று கேட்டேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. தெரியாது, தப்பியிருக்கவும் கூடும் என்றாள். பிறகு விறாந்தைக்குப் போய் உங்கள் கதிரையின் அருகில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தாள். நீங்கள் வந்திருந்தால் தனிய இருந்திருக்க மாட்டார் என்று மட்டும் சொன்னாள்.

சேந்தனுக்கு இன்று காலை சொன்னேன். அவன் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. பத்து நாள் எடுக்கட்டும். அந்தப் பழக்கம் அவனுக்கு என்னிடமிருந்து வந்தது.

ஆகவே, மலரை வைத்திருப்பவர்கள் நாலாம் பக்கத்தை இப்படித் திருத்திக்கொள்ள வேண்டும். அவர் நித்திரையில் போகவில்லை. நோவோடு விழித்திருந்தார். மனைவியின் படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தார். அவர் கதவுவரை வந்தது மனைவிக்குக் கேட்டது.

படிப்பை நான் விடமாட்டேன். விட்டால் நீங்கள் காத்திருந்ததற்கு அந்த அற்பப் பொருளும் இல்லாமல் போய்விடும். ஆனால் மேசையை விறாந்தைக்கு மாற்றிவிட்டேன், உங்கள் கதிரைக்குப் பக்கத்தில். நேரசூசியில் நேரம் இருக்கிறது, சட்டத்தைக் கத்தரித்துவிட்டேன். திவசம் முடிந்த கையோடு கதிரையைப் படலைப் பக்கம் திருப்பி வைப்பேன். இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் யாருடைய காலடி கேட்டாலும், பாக்கியம் வெறும் சுளகோடு வந்தாலும், எழும்புவேன். வரி பாதியில் நிற்கட்டும். சிஸ்டர் என்னை மன்னிக்கட்டும். நீங்கள் மன்னிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நீங்கள் தட்டாமல் திரும்பிய கதவுக்கு உள்ளே இருந்த உங்கள் மனைவி,
ஞானேஸ்