ஆபத்து: குறைவு

மார்ச் 4

எச்சில் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. ‘மரபணுப்படி நுரையீரல் புற்றுநோய் ஆபத்து: குறைவு.’ அப்பாவை அந்த நோய்க்கே பறிகொடுத்தவனுக்கு வேறென்ன வேண்டும்? வேலை முடிந்து கிரேனிலிருந்து இறங்கியதும் கொண்டாட ஒரு சிகரெட் பற்ற வைத்தேன்.

மார்ச் 9

தங்கை வந்தாள். மரபணு ஆராய்ச்சிக்கூடத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவள். பெருமையாகக் காட்டினேன். படித்துவிட்டு, “அண்ணா, இந்தக் கணக்கு யாரோட ரத்தத்தை வச்சுப் போட்டதுன்னு பார்த்தியா?” என்றாள்.

“யாரோடதா இருந்தா என்ன? எல்லாம் சிவப்புதான்.”

“கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளைக்காரங்க. அவங்ககிட்ட இந்த நோயோட சேர்ந்து வர்ற மரபணு மாற்றம் நம்மகிட்ட அரிதா இருக்கலாம். நம்மகிட்ட வேற ஏதாவது இருந்தா, அதை இவங்க தேடவே இல்லை. குறைவுன்னு இல்லண்ணா, தெரியாதுன்னுதான் அர்த்தம்.”

“அப்போ எனக்கு அதிகமா?”

“அதுவும் தெரியாது. ஆனா சிகரெட் இனம் பார்க்காது. ஒரு ஸ்கேன் எடுத்துடு.”

கத்திவிட்டேன். “ஒரு நல்ல சேதி வந்தா பொறுக்காதே உனக்கு!” டீயைத் தொடாமலே போய்விட்டாள்.

மார்ச் 10

வேலையில் மனசு ஒட்டவில்லை.

மார்ச் 17

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இருமுகிறேன். யாரை ஏமாற்றுகிறேன்? வெளியே மகள் நின்றிருந்தாள். “அத்தை சொன்னதுக்காக வேணாம்ப்பா. எனக்காக ஸ்கேனுக்குப் போங்க.”

மார்ச் 24

ஸ்கேன். வலது நுரையீரலில் ஒரு பொட்டு. “எனக்குக் குறைவுன்னு போட்டிருக்கே டாக்டர்” என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது. அந்தப் பொட்டிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கணுமாம்.

மார்ச் 28

இன்னும் முடிவு வரவில்லை. சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன். ஒண்ணுமில்லைன்னு சொல்லிடக் கூடாதா —

ஏப்ரல் 1

அப்பாவுக்கு வந்த அதேதான். ஆரம்ப நிலை, வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். தங்கைக்குப் போன் செய்து “வா” என்றேன், அவ்வளவுதான் வந்தது. ஓடி வந்தாள். “நான் சொன்னது தப்பாப் போயிடணும்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன்” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஏப்ரல் 15

நாளைக்கு அறுவை. பயமா இருக்கு.

அக்டோபர் 6

தங்கையின் ஆராய்ச்சிக்கூடத்தில் நம்மவர்களிடமும் ரத்தம் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் கொடுக்கப் போனேன். இரண்டு மாடி ஏறும்போது வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். ரத்தம் எடுத்த பெண் கேட்டாள்: “சிகரெட் பிடிப்பீங்களா?”

“பிடிச்சிட்டிருந்தேன்.”

அடுத்த நாற்காலியில் மகள் சட்டைக்கையை மடித்துவிட்டுக் காத்திருந்தாள்.